பொதுச் சாப்பாடு ஏன் ஆறே மாதத்தில் ஓய்ந்துபோகிறது?

நீங்கள் கேட்டது இது. உங்கள் கூட்டுக் குடியிருப்பில் 24 வீடுகள். நடுவில் ஒரு பொது வீடு, அதில் பெரிய சமையலறை. தொடக்கத்தில் வாரம் இரண்டு நாள் பொதுச் சாப்பாடு வைத்தீர்கள், நாற்பது பேர் வரை வந்தார்கள். ஆறு மாதத்தில் அது ஒன்பது பத்துப் பேராகச் சுருங்கிவிட்டது. சமைப்பதும் அதே மூன்று பேர்தான். இனி எல்லோருக்கும் கட்டாயம் என்று விதி போடலாமா, சமையலுக்கு ஆள் வைத்துவிடலாமா, இல்லை மாதம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாமா?

என்னைக் கேட்டால் மூன்றுமே வேண்டாம். நான் பதினான்கு ஆண்டுகளாக இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். அதில் ஐந்து ஆண்டுகள் சமையல் முறைப்பட்டியல் போடும் வேலை என்னிடம் இருந்தது. புதிதாகத் தொடங்கியவர்கள் கூப்பிட்டு, அவர்களுடைய சமையலறையிலும் போய் நின்று பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நடந்ததைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். காரணமும் அநேகமாக ஒன்றுதான்: அன்றாடச் சாப்பாடாக இருக்க வேண்டியது விருந்தாகிவிடுகிறது.

எப்படி ஆகிறது என்று பாருங்கள். முதல் வாரம் ஒருவர் சூப்பும் ரொட்டியும் செய்கிறார். அடுத்த வாரம் சமைப்பவர் அதோடு நிறுத்தக் கூசி இரண்டு வகை காய்கறி சேர்க்கிறார். அதற்கடுத்தவர் இனிப்பும் வைக்கிறார். பத்தாவது வாரத்தில் ஐந்து வகை, மேசையில் பூ, சமைப்பவர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மதியமே வந்து அடுப்பு முன்னால் நிற்கிறார். சாப்பிட்டவர்கள் வாயாரப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ‘இவ்வளவெல்லாம் நம்மால் முடியாது’ என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுகிறார். அடுத்த பட்டியலில் அவர் பெயர் இருக்காது. சமைக்காமல் சாப்பிட மட்டும் வர மனம் ஒப்பாது என்பதால் கொஞ்ச நாளில் சாப்பிடவும் வரமாட்டார். எந்தச் சண்டையும் நடந்திருக்காது, யார் மீதும் குறை இருக்காது. ஆனால் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசியில் மிஞ்சுவது சமையலில் உண்மையான ஆசை உள்ள மூன்று பேர்.

இந்த வாழ்க்கைமுறை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தால் சாப்பாட்டின் இடம் புரியும். டென்மார்க்கில் யான் குட்மன் ஹோயர் என்ற கட்டடக் கலைஞரும் நண்பர்களும் 1964-இல் இப்படி ஒன்றைக் கட்டத் திட்டம் போட்டார்கள். அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் அந்த இடம் கைவிட்டுப்போனது. 1967-இல் போடில் கிரோ என்பவர் ஒரு நாளிதழில், குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அதைப் படித்துச் சேர்ந்தவர்களும் உழைத்ததில் 1972-இல் சேட்டெடாமன் குடியிருப்பும், அடுத்த ஆண்டு ஸ்கரோப்ளானெட்டும் எழுந்தன. அந்த வழியில் வந்ததுதான் பிறகு அமெரிக்காவில் ‘கோஹவுசிங்’ என்ற பெயர் பெற்றது. அங்கே இதற்கென்றே புதிதாகக் கட்டிய முதல் குடியிருப்பு, கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஊரில் 26 வீடுகளோடு 1991-இல் எழுந்த முயூர் காமன்ஸ். இந்தக் குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையலறை உண்டு. அதற்கு மேலாகத்தான் பொதுச் சமையலறை. யாரும் வேறு வழியில்லாமல் அங்கே வருவதில்லை. தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வேண்டும்.

ஆள் வைத்துச் சமைப்பது பற்றிக் கேட்டீர்கள். அதையும் பார்த்தாகிவிட்டது. ஸ்டாக்ஹோமில் யோன் எரிக்சன் தெருவில் 6-ஆம் எண் கட்டடம் 1935-இல் திறந்தது. சமூகச் சீர்திருத்தவாதி ஆல்வா மிர்தாலின் சிந்தனை, கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கெலியஸின் வடிவமைப்பு. கீழ்த்தளத்தில் உணவகம், அங்கே சமைத்ததைச் சிறிய மின்தூக்கிகள் மூலம் மேலே உள்ள வீடுகளுக்கே அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் பெண்களைச் சமையல் சுமையிலிருந்து விடுவிப்பதே நோக்கம். அது மதிக்க வேண்டிய நோக்கம். ஆனால் சமைப்பவர் கூலிக்கு வந்தவர், சாப்பிடுபவர் காசு கொடுத்தவர். சாப்பாடு வீடு தேடி வந்துவிட்டால் மேசைக்கு வருவதற்கும் தேவையில்லை. 1970-களில் ஸ்வீடனில் ஒரு பெண்கள் குழு இதை மறுபடி எடுத்து யோசித்து, குடியிருப்பவர்களே சேர்ந்து சமைக்கலாம், தனித்தனியாகச் சமைப்பதைவிட அதற்கு மொத்தத்தில் குறைந்த வேலைதான் ஆகும் என்றது. அந்த வழியில் ஸ்டாக்ஹோமில் 1993-இல் தொடங்கிய ஃபார்ட்க்னெப்பனில், பிள்ளைகள் பெரியவர்களாகிப் போன பிறகு வந்து சேர்ந்தவர்கள், வார நாட்களில் இரவுச் சாப்பாட்டை முறை வைத்துத் தாங்களே சமைக்கிறார்கள்.

‘குறைந்த வேலை’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பொதுச் சாப்பாடு மறுபடி எழுந்து நிற்க வேண்டும் என்றால், வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு அது வேலையைக் குறைத்துத் தர வேண்டும். கூடிப் பேசுவது, நெருக்கம் எல்லாம் தானாகப் பின்னால் வரும்.

கணக்கைப் பார்ப்போம். 24 வீட்டில் பெரியவர்கள் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டுக்குத் தலைமைச் சமையல் ஒருவர், உதவி இரண்டு பேர், பாத்திரம் கழுவி இடத்தைத் துடைக்க இரண்டு பேர், ஆக ஐந்து. நாற்பது பேரும் முறையில் இருந்தால் எட்டுச் சாப்பாட்டுக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு வேலை வரும். வாரம் இரண்டு என்றால் அது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு மாலை மூன்று மணி நேரம் உழைக்கிறீர்கள், ஏழு மாலை ஒன்றும் செய்யாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள். வீட்டில் சமைத்துக் கழுவ ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், எட்டு மாலைக்குப் பன்னிரண்டு மணி நேரம். இங்கே மூன்று. இருபத்தைந்து பேர் மட்டும் சேர்ந்தாலும் ஐந்துக்கு ஒருமுறை வரும். அதுவும் நல்ல கணக்குதான். இதை ஒரு தாளில் எழுதிப் பொது வீட்டுக் கதவில் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டினோம். எத்தனையோ கூட்டம் போட்டுப் பேசியும் வராதவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் புரியும். மாதம் ஒருமுறை என்று குறைத்தால் நிலைமை மோசமாகும். மாதத்துக்கு ஒரு நாள் வருவதை எல்லோரும் விசேஷமாக நினைப்பார்கள். விசேஷம் என்றால் மறுபடி ஐந்து வகை. வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம், அதுவும் வார நாளாக இருக்கட்டும். சனி ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு அவரவருக்கு ஆயிரம் வேலை. செவ்வாய்க்கிழமை மாலை ‘இன்றைக்கு என்ன சமைப்பது’ என்று யோசிக்கத் தெம்பில்லாமல் ஒருவர் வீட்டுக்கு வருவார் பாருங்கள், உங்கள் சாப்பாடு அவருக்கானது.

அதனால் சமையலுக்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள். நாங்கள் வைத்தது: ஒரு பெரிய பாத்திரம், ஒரு பச்சைக் காய்கறித் தட்டு, வயிறு நிரம்ப ஒரு மாவுப் பண்டம். அதற்கு மேல் செய்யக் கூடாது. குறைவாகச் செய்யலாம். கூடுதலாகச் செய்ய ஆசை இருப்பவர்களுக்குப் பிறந்தநாள், ஆண்டு விழா என்று தனி நாட்கள் உண்டு. இந்த விதியை முன்மொழிந்தபோது எங்களில் மிக நன்றாகச் சமைக்கும் ஒருவருக்கு மனம் நொந்துவிட்டது, அது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அந்த ஆண்டிலேயே, முன்னெப்போதும் கரண்டி பிடிக்காத ஏழு பேர் பட்டியலில் பெயர் கொடுத்தார்கள்.

சரி, கட்டாயம் பற்றி. சாப்பிடுவதைக் கட்டாயமாக்கவே கூடாது. சாப்பிடுகிறவர் வேலை முறையில் இருப்பது மட்டும் கட்டாயம். இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதிவிடுங்கள். மூன்று மாதம் யாராவது வரவில்லை என்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கைக்குழந்தை, நோய், துக்கம், இல்லை வெறுமனே தனியாக இருக்க விருப்பம், எதுவானாலும் அவர் திரும்பி வரும்போது விளக்கம் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொள்ள முடிய வேண்டும்.

வேலை என்றால் அடுப்பு முன் நிற்பது மட்டும் கிடையாது. எங்கள் குடியிருப்பில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். நிற்க முடியாது, கத்தி பிடித்தால் கை நடுங்கும். நாலு மணிக்கே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். வெதுவெதுப்பான நீரில் பற்களைப் போட்டு வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து, தோல் கழன்று வரும். நாற்பது பேருக்கான பூண்டை முக்கால் மணி நேரத்தில் உரித்துவிடுவார். சமைக்கத் தெரியாத இளைஞர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டார்கள். அவரை முறைப்பட்டியலில் ‘விலக்கு’ என்று போட்டிருந்தால் அவர் வந்தே இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கணக்கு எழுதுவது, சாமான் வாங்கி வருவது, மேசை விரிப்புகளைத் துவைப்பது, இவையும் ஒரு முறைக்குச் சமம்தான்.

புதிதாகச் சமைக்க வருகிறவர்களைப் பயமுறுத்துவது அளவு. நாலு பேருக்குச் செய்வதைப் பத்தால் பெருக்கினால் சரியாக வராது. உப்பும் காரமும் முதலில் முக்கால் அளவு போட்டு, கடைசியில் ருசி பார்த்துக் கூட்டுங்கள். பெரிய பாத்திரத்தில் அளவுக்கு ஏற்ற ஆவி போகாது என்பதால் தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும். பெருக்கி ஊற்றினால் எல்லாம் தண்ணியாகிவிடும். ஆனால் எல்லோரும் சறுக்குவது நேரத்தில்தான். இருபது லிட்டர் தண்ணீர் வீட்டு அளவு எரிவாயு அடுப்பில் கொதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது தெரியாமல் ஆறு மணிக்கு உலை வைத்துவிட்டு, ஏழு மணிக்கு வரிசையில் நிற்கும் குழந்தைகளைப் பார்த்துக் கண்கலங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் சமைக்க வரவே இல்லை. இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு தாள் இருக்கிறது: எத்தனை மணிக்கு உலை, எத்தனை மணிக்கு நறுக்கி முடிக்க வேண்டும், எத்தனை பேருக்கு எந்தப் பாத்திரம். நாற்பது பேருக்குச் சரியாக வந்த பதினைந்து சமையல்குறிப்புகள் கிலோ கணக்கோடு ஒரு கோப்பில் இருக்கின்றன. புதியவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் செய்தால் போதும். அடி கனமான பாத்திரம் வாங்கக் கணக்குப் பார்க்காதீர்கள். மெல்லிய அடி என்றால் அடிப்பிடிக்கும்; அடிப்பிடித்த இருபது லிட்டரைத் தூக்கிக் கொட்டுவதைப்போல மனதை உடைப்பது வேறில்லை.

கழுவும் வேலையில்தான் மனக்கசப்பு சேரும், கவனியுங்கள். சமைத்தவருக்குப் பாராட்டு கிடைக்கும், கழுவியவருக்கு ஈரக்கைதான் மிச்சம். சமைக்கிறவர் போகிற போக்கில் கழுவி வைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதையும், தட்டை அவரவரே சுரண்டி அடுக்க வேண்டும் என்பதையும் பழக்கமாக்குங்கள். பணம் இருந்தால், மேசை விரிப்பு, அலங்கார விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் உணவகங்களில் இருக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வாங்குங்கள். வீட்டு இயந்திரம் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இது இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு தட்டு அடுக்கை வெளியே தள்ளும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: சத்தம். உங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் தரை ஓடு, சுவர் வெறும் பூச்சு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடியா? அநேகமாக அப்படித்தான் இருக்கும். முப்பது பேர் பேசினால் ஒலி சுவரில் மோதித் திரும்பும். அதை மீற ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவார்கள், ஒலி இன்னும் கூடும். காதுக் கருவி போட்டவர்களுக்கு இது வதை. எங்கள் கூடத்தில் ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே சாப்பிடுவார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. ஒன்றரை ஆண்டாக. அந்த மாதமே கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் போட்டோம். நீள மேசைகளை எடுத்துவிட்டு ஆறு பேர் உட்காரும் மேசைகள் வைத்தோம். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினோம். குழந்தைகள் சாப்பிட்டு எழுந்ததும் ஓடுவதற்குக் கதவு மூடக்கூடிய ஓர் அறை ஒதுக்கினோம். வருகிறவர்கள் எண்ணிக்கை கூடியதற்குச் சமையலைவிட இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

யார் எதைச் சாப்பிடுவார், சாப்பிடமாட்டார் என்பதைக் கூட்டத்தில் கொள்கையாக விவாதிக்க ஆரம்பித்தால் முடிவே வராது. எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது இது: அடிப்படைப் பாத்திரம் எப்போதும் இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாதது. மற்றவை தனித்தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கும், வேண்டியவர் சேர்த்துக்கொள்வார். மத நம்பிக்கையால் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் கேட்பவர்களுக்கு அதைத் தயங்காமல் கொடுங்கள், அது பெரிய செலவே இல்லை. ஆனால் விருப்பம் வேறு, ஒவ்வாமை வேறு. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவருக்குக் கொஞ்சம் பட்டாலே உயிருக்கு ஆபத்து வரலாம். கோதுமையின் குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிக்கு, மாவு பட்ட அதே பலகையும் வடிதட்டும் போதும், குடல் பாதிக்கும். இவர்களுடைய பட்டியல் சமையலறையில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னும் அதில் என்னென்ன இருக்கிறது என்று அட்டை வைக்க வேண்டும். பரிமாறத் தொடங்கும்போது முதலில் இவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கரண்டிகள் ஒன்றில் கிடந்து இன்னொன்றுக்குப் போவது வரிசை நகரத் தொடங்கிய பிறகுதான்.

மீந்ததைப் பற்றியும் கண்டிப்பாக இருங்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்; சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிரில் என்றால் 5 டிகிரிக்குக் கீழ் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டியில் தூக்கி வைத்தால் அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆழமில்லாத தட்டுகளில் இரண்டு மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பி வையுங்கள். அரிசியில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் தங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்கள்) கொதியிலும் பிழைத்துக்கொள்ளும், அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

செலவு எளிது. ஆளுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, குழந்தைகளுக்குப் பாதி, மிகச் சிறியவர்களுக்கு இல்லை. வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் பெயர் எழுத வேண்டும். பெயர்களின் எண்ணிக்கையை அந்தத் தொகையால் பெருக்கினால் வருவதுதான் சமைப்பவரின் கையிருப்பு. எண்ணெய், உப்பு, மசாலா பொதுக் கணக்கில். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ரசீதைப் பங்கு பிரிக்கும் முறையை நாங்களும் இரண்டு ஆண்டு பார்த்தோம். கணக்கு எழுதுபவர் களைத்துப்போனதுதான் மிச்சம். தொகை கட்ட முடியாத வீடு ஒன்று இருந்தால், பொருளாளருக்கு மட்டும் தெரிந்து பொது நிதியிலிருந்து சரிக்கட்டிவிடுங்கள்.

நீங்கள் இப்போதே தொடங்கலாம். வருகிற எட்டு வாரத்துக்கு இரண்டு கிழமைகளை முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே சமைத்துக் களைத்திருக்கும் அந்த மூன்று பேரை முதல் நான்கு வாரம் அடுப்புப் பக்கமே விடாதீர்கள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும். முதல் சமையலை, சமைக்கத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் செய்யட்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்கட்டும். பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றால் ஐந்து பேர் வேலை தேவையில்லை, சமைக்க ஒருவர், கழுவ ஒருவர் போதும். ஏதாவது ஒரு வாரம் சமைக்க ஆளே அமையாவிட்டாலும் அன்றைய சாப்பாட்டை ரத்து செய்யாதீர்கள். விளக்கைப் போட்டு, மேசையைத் துடைத்து, ரொட்டியும் பழமும் வெட்டி வையுங்கள். வீட்டில் இருப்பதை அவரவர் எடுத்துக்கொண்டு அங்கே வந்து சாப்பிடட்டும்.